கதவைப் பார்த்து அறை போடு

அன்று இரவு ப்ளூ பிரின்ஸ் என்ற கணினி விளையாட்டில் ஒருவழியாக மாளிகையின் மேல் வரிசையை எட்டிவிட்டேன். கையில் 1 சாவி, 4 ரத்தினம், மீதி 11 காலடி. மேல்ரோட்டில் ஒரு கற்பூர மரம் மின்கம்பி மேல் சாய்வதற்கு அந்த நேரம்தான் கிடைத்தது. குன்னூரில் ஐப்பசி மழைக்கு இது புதிதல்ல. கீழே மேட்டுப்பாளையத்தில் தூறினால் இங்கே மரம் விழும். கரண்ட் போன அதே நொடி லேப்டாப்பும் அணைந்தது. 70 நிமிட ஆட்டம் போயே போச்சு.

பாட்டரி மாற்றி 2 மாதம்கூட ஆகவில்லை. டவுனில் ஒரு கடையில் "கம்பெனி பாட்டரிங்க, 3 மணி நேரம் நிக்கும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். 3 நிமிடம்கூட நிற்கவில்லை. அப்போது எனக்கு வந்த கோபத்தில் பாதி கடைக்காரர் மேல், பாதி விளையாட்டின் மேல். ஏனென்றால் இந்த விளையாட்டில் ஒரு நாளை முழுதாக முடித்தால்தான் சேமிப்பு. நடுவில் நின்றுபோனால் அந்த நாளே நடக்கவில்லை என்று கணக்கு. மலையில் இருப்பவர்கள் இதை விளையாட உட்காரும் முன் பாட்டரியைப் பாருங்கள், அல்லது ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ப்ளூ பிரின்ஸ் என்பதை வேகமாகச் சொன்னால் ப்ளூபிரிண்ட்ஸ், அதாவது வீட்டு பிளான்கள், என்று காதில் விழும். வேண்டுமென்றே வைத்த பெயர்தான். 2025 ஏப்ரலில் வந்தது. டோண்டா ரோஸ் என்பவர் ஏறக்குறைய 8 ஆண்டு இதோடு கிடந்து உருவாக்கியிருக்கிறார். கதை சின்னது. சைமன் என்ற 14 வயதுப் பையனுக்குத் தாத்தா முறையுள்ள ஒருவர் மவுண்ட் ஹாலி என்ற மாளிகையை உயில் எழுதி வைத்துவிட்டுப் போகிறார். ஒரு நிபந்தனை உண்டு. 45 அறை உள்ள அந்த மாளிகையில் 46-ஆவது அறையைக் கண்டுபிடித்தால்தான் வீடு அவனுக்கு. ராத்திரி உள்ளே தங்கக் கூடாது; வெளியே கூடாரத்தில் படுக்க வேண்டும். காலையில் எழுந்து வந்தால் நேற்றுப் போட்ட அறைகள் ஒன்றும் இருக்காது. மறுபடி வெறும் மனை.

(மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை நம் மலை ரயில் பாதை 45.88 கிலோமீட்டர். எல்லோரும் 46 என்றுதான் சொல்வோம். 45-க்கும் 46-க்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்பது எங்கள் ஊர்க்காரனுக்குப் புதுச் செய்தி இல்லை.)

மனை என்று சும்மா சொல்லவில்லை. அகலத்தில் 5, நீளத்தில் 9 என்று கட்டம் போட்ட மனை. கீழே நடுவில் நுழைவு மண்டபம். மேலே நேர் எதிரே ஒரு முன்னறை. அதைத் தாண்டி எங்கேயோ அந்த 46. ஒரு கதவைத் திறக்கப் போனால் மூன்று அறைகளின் பிளான் கண்முன் வரும். ஒன்றை எடுத்தால் கதவுக்கு அந்தப் பக்கம் அந்த அறை உருவாகிவிடும். சில அறைக்கு ரத்தினம் கேட்கும். சில கதவுக்குச் சாவி கேட்கும். ஒவ்வோர் அறைக்குள் நுழையும்போதும் ஒரு காலடி குறையும். காலையில் 50 கொடுப்பார்கள். தீர்ந்தால் நாள் முடிந்தது. பேய் இல்லை, துப்பாக்கி இல்லை, நேரக் கெடு இல்லை. ஓர் அறையில் ஒரு மணி நேரம் நின்று சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஒரு காலடிகூடக் குறையாது.

இந்த வகைக்கு ரோக்லைக் என்று பெயர். 1980-இல் வந்த ரோக் என்ற பழைய கணினி விளையாட்டின் வாரிசுகள். ஒவ்வொரு முறையும் இடம் மாறும், தோற்றால் முதலிலிருந்து. நம் ஊர்க் கணக்கில் பாதி தாயம், பாதி ஆடுபுலி ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டை என்ன விழும் என்பது உங்கள் கையில் இல்லை. காயை எங்கே வைப்பது என்பது உங்கள் கையில். நான் முன்பு விளையாடிய ரோக்லைக்குகள் எல்லாம் அடிதடி. விரல் வலிக்கும். இதில் விரலுக்கு வேலை இல்லை, அதனாலேயே தப்பாக எடை போட்டேன்.

முதல் 15 நாள் (விளையாட்டு நாளைச் சொல்கிறேன்) நான் செய்தது ஒன்றே ஒன்று. மேலே போ, நேராக மேலே போ. எந்த அறை வடக்கே வழி விடுகிறதோ அதை எடு. 6-ஆவது வரிசைக்குப் போகும்போது சாவி இருக்காது. சாவி இருந்தால் ரத்தினம் இருக்காது. இரண்டும் இருந்த நாளில் மூன்று பிளானும் வழியில்லாத முட்டுச்சந்து அறைகளாக வந்து நிற்கும். எரிச்சலில் நாளை முடித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன். மரம் விழுந்த அன்று மேல் வரிசையை எட்டியதும் சுத்த அதிர்ஷ்டம்தான்.

மரம் விழுந்த மறுநாள் மாலை கரண்ட் வந்ததும் மறுபடி உட்கார்ந்தேன். அப்பா பின்னால் வந்து நின்றார். அப்பா 38 வருடம் மேஸ்திரி வேலை பார்த்தவர். வெலிங்டன், அரவங்காடு, கோத்தகிரி ரோடு என்று இந்தச் சரிவில் பல வீடுகளுக்குக் கடைக்கால் போட்டவர். முட்டி தேய்ந்துபோய் இப்போது வீட்டில் இருக்கிறார். மழைக் காலத்தில் அவருக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. திரையில் நீலத் தாளில் வெள்ளைக் கோட்டில் பிளான் வந்ததும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"என்ன கண்ணு இது, வீடு கட்டறதா?"

"ஆமாங்கப்பா. மூணுல ஒண்ணு எடுக்கணும்."

கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். நான் ஒரு பெரிய அறையை எடுத்தேன், பார்க்க அழகாக இருந்தது. "அந்தப் பக்கம் கதவு எங்க வருது பாத்தியா? பக்கத்து ரூம்ல அந்தப் பக்கம் வாசக்காலே இல்லையே. உன் கதவு போய்ச் சுவத்துலதான் முட்டும்" என்றார். முட்டியது. "நாங்க பிளான பார்த்தா முதல்ல கதவைத்தான் பார்ப்போம். ரூமு அப்புறம்."

15 நாளில் நான் பார்க்காத ஒன்றை அவர் 5 நிமிடத்தில் பார்த்தார். நான் அறையின் பெயரையும் அதில் என்ன கிடைக்கும் என்பதையும் படித்துக்கொண்டிருந்தேன். அவர் எத்தனை கதவு, எந்தப் பக்கம், எதை எதிர்த்து என்று பார்த்தார். அன்றிலிருந்து நான் பிளான் வந்ததும் பெயரைப் படிப்பதற்கு முன்னால் கதவை எண்ணுவேன். இந்த ஒரு பழக்கம் வந்த பிறகு பாதி நாளாவது 7-ஆவது வரிசையைத் தாண்டினேன்.

இரண்டாவது பாடமும் அவருடையதுதான். வழியில்லாத அறையைப் பார்த்தால் நான் பயந்து ஒதுக்குவேன். அவர், "அத கீழயே எங்கயாவது மூலையில போட்டுடு" என்றார். ஏன் என்று அவருக்குத் தெரியாது. அவர் பார்வையில் கழிவறையும் சாமான் அறையும் மூலைக்குத்தான் போகும். ஆனால் விளையாட்டிலும் அது சரிதான். பெரும்பாலான அறைகளை ஒரு நாளில் ஒரு தடவைதான் போட முடியும். முட்டுச்சந்து அறைகளைக் கீழ் வரிசையிலேயே செலவழித்துவிட்டால் மேலே போகும்போது சீட்டுக்கட்டில் நல்ல சீட்டுகள்தான் மிச்சம் இருக்கிற மாதிரி. தவிர அந்தச் சின்ன அறைகளில்தான் சாவியும் காசும் ரத்தினமும் கிடக்கும். அதனால் வடக்கே பறக்காதீர்கள். முதல் மூன்று வரிசையை அகலமாக நிரப்புங்கள். ஜிம், தேவாலயம் மாதிரி சிவப்பு அறைகள் எதையாவது பிடுங்கிக்கொள்ளும். ஜிம்முக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் 2 காலடி போகும், தேவாலயத்தில் ஒரு காசு. அவற்றைப் போட்டே ஆக வேண்டுமென்றால் திரும்பி நடக்க வேண்டிய வழியில் போடாதீர்கள். படுக்கையறைகள் காலடி தரும். விருந்தினர் படுக்கையறை ஒன்று 10 காலடி தரும். அது வந்தால் யோசிக்காதீர்கள்.

இதெல்லாம் தந்திரம். தந்திரம் தெரிந்தும் எனக்குக் கடுப்பு குறையவில்லை. அதற்குக் காரணம் வேறு.

இந்த விளையாட்டில் வீடுதான் தினமும் அழியும்; உங்களுக்குத் தெரிந்தது அழியாது. நேற்று ஓர் அறையில் படித்த கடிதம் இன்று இன்னோர் அறையில் உள்ள பூட்டுக்கு விடை. சரி, விடை தெரிந்துவிட்டது, போய்த் திறக்கலாம் என்று காலையில் எழுந்தால் அந்த அறை வரவே வராது. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். தாயம் விழாமல் காயை இறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிற மாதிரி. ஒருமுறை மண்வெட்டி கிடைத்தது. கோட் செக் என்று ஓர் அறை உண்டு, அதில் ஒரு பொருளைப் போட்டுவைத்தால் வேறொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். நான் கெட்டிக்காரத்தனமாக மண்வெட்டியை அங்கே வைத்தேன். அந்தக் கோட் செக் அறை அதற்கப்புறம் 9 நாள் வரவில்லை. தோண்ட வேண்டிய இடங்கள் எல்லாம் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

அப்பாவிடம் புலம்பினேன். "ஒரே ஒரு ரூமு வந்தா போதுங்கப்பா, அது மட்டும் வரமாட்டேங்குது."

அவர் சிரித்தார். "மழைன்னா உள்பூச்சு, வெயில்னா வெளிப்பூச்சு. மழை பெய்யுதேன்னு வெளிப்பூச்சுக்காரன் சும்மா உக்காந்தா கூலி யாரு குடுப்பா? கையில ரெண்டு மூணு வேலை வெச்சுக்கோணும் கண்ணு."

எனக்கு இந்த விளையாட்டு புரிந்தது அந்த இடத்தில்தான். அதுவரை தினமும் ஒரே வேலையோடு உள்ளே போய்க்கொண்டிருந்தேன், அது நடக்காவிட்டால் நாள் வீண் என்று. அன்று நோட்டில் மூன்று வேலை எழுதினேன். பாய்லர் அறை வந்தால் நீராவியை எந்தப் பக்கம் அனுப்பலாம் என்று பார். நூலகம் வந்தால் அந்தப் புத்தகத்தைத் தேடு. இரண்டும் வராவிட்டால் மேல் வரிசையைத் தொடு. அன்று நூலகம் வந்தது. மற்ற இரண்டும் நடக்கவில்லை, ஆனால் எரிச்சலும் வரவில்லை. அதற்கப்புறம் எப்போதும் மூன்றுக்குக் குறையாமல் வைத்துக்கொண்டேன். இன்னொன்று, சில விஷயங்களை ஒருமுறை திறந்துவிட்டால் அவை நிரந்தரம். மறுநாள் வீடு அழிந்தாலும் அவை திறந்தே இருக்கும், அதன் பலன் தினமும் காலையில் கைக்கு வரும். எவை என்று சொன்னால் கண்டுபிடிக்கிற சுகம் போய்விடும். ஆனால் ஆரம்பத்தில் 46-ஐ மறந்துவிட்டு அவற்றைத் தேடுவதுதான் லாபம். நான் தலைகீழாகச் செய்தேன்.

நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோட்டு இல்லாமல் இதை விளையாட முடியாது. நான் முதலில் திரையைப் படம் பிடித்துப் பிடித்துச் சேர்த்தேன். 200 படம் சேர்ந்தது, ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் பள்ளிப் பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்கினேன். பேனா வேண்டாம். எங்கள் ஊர் மழைக் காலத்தில் தாள் நமத்துப்போன வர்க்கி மாதிரி ஆகிவிடும், மை ஊறிப் பரவும். பென்சில்தான். கடிதத்தில் என்ன வாசகம் இருக்கிறதோ அதை அப்படியே எழுதுங்கள். நமக்குப் புரிந்ததை எழுதினால் பிறகு மாட்டிக்கொள்வோம். ஒரு தேதியை நான் "பழைய தேதி" என்று மட்டும் எழுதிவைத்துவிட்டு அதற்காக 4 நாள் அலைந்தேன். புரியாதவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். என் நோட்டில் பிரயோஜனமான பக்கம் அதுதான். நாளை முடிக்கும்போது அதை ஒருமுறை படித்தால் போதும், இரண்டில் ஒன்று கழிந்துவிடும்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் நான் படித்துத் தமிழில் சொல்வேன், அவர் தன் தட்டைப் பென்சிலால் அதே நோட்டில் ஏதாவது கிறுக்கிக்கொண்டிருப்பார். அவருக்குப் பிடித்தது பார்லர் அறை. நீலம், வெள்ளை, கறுப்பு என்று மூன்று பெட்டி இருக்கும். ஒன்றில்தான் ரத்தினம். ஒவ்வொன்றின் மேலும் ஒரு வாசகம். ஒரு பெட்டியாவது முழு உண்மை பேசும், ஒரு பெட்டியாவது முழுப் பொய் பேசும். திறக்க ஒரே வாய்ப்பு. விளையாட்டில் வருவதைச் சொல்லாமல், அதே விதியில் நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன். நீலம்: "கல் என்னிடம்தான் இருக்கிறது." வெள்ளை: "கல் கறுப்பில் இல்லை." கறுப்பு: "கல் என்னிடம் இல்லை."

நான் ஒவ்வொரு வாக்கியமாக உண்மையா பொய்யா என்று போட்டுப் பார்த்துக் குழம்புவேன். அப்பா அப்படிச் செய்ய மாட்டார். பெட்டியிலிருந்து ஆரம்பிப்பார். "நீலத்துல கல் இருக்குன்னு வெச்சுக்கோ. அப்ப மூணு பேரும் யோக்கியன். ஆகாது. கறுப்புல இருக்குன்னு வெச்சுக்கோ, மூணு பேரும் புளுகன். அதுவும் ஆகாது. அப்ப வெள்ளைதான்." கல்லை ஒரு பெட்டியில் வைத்துப் பார்த்து, விதி கெடுகிறதா என்று பார்ப்பது. மூன்றே தடவை பார்த்தால் முடிந்தது. பிறகு வாசகங்கள் சிக்கலாகிக்கொண்டே போகும், ஆனாலும் இந்த வழி கடைசிவரை கைகொடுத்தது. பில்லியர்ட்ஸ் அறையில் ஓர் அம்பு வட்டு உண்டு, அது கணக்குப் புதிர். அதையும் அவர் மனக்கணக்கில் போட்டுவிடுவார். நான் அங்கே கால்குலேட்டர் தேடுவேன்.

ஆனால் ஒரு பெரிய புதிர், பல அறைகளில் சிதறிக் கிடப்பது, முழுக்க இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலின் மேல் நிற்கிறது. அங்கே அப்பாவுக்கு வேலை இல்லை. தமிழ் வழியில் படித்த எனக்கும் கஷ்டம்தான். பொருளைப் பார்த்ததும் எனக்கு முதலில் வருவது தமிழ்ப் பெயர், இங்கிலீஷ் பெயர் அப்புறம், அதிலும் அவர்கள் நினைத்த பெயர் வருவதில்லை. இது விளையாட்டின் குற்றமில்லை, ஆனால் குறைதான். அந்த ஒரு புதிருக்கு மட்டும் பெங்களூரில் இருக்கிற என் தங்கையைப் போனில் பிடித்தேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. மற்ற எதற்கும் விடை தேடிப் பார்க்காதீர்கள் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் இந்த விளையாட்டில் தெரிந்துகொள்வது மட்டும்தான் சம்பாத்தியம். அதை வெளியிலிருந்து வாங்கினால் வீடு அழிந்ததுதான் மிச்சம்.

யாருக்கு இது ஆகாது என்றும் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்து 20 நிமிடம் எதையாவது ஆடிவிட்டுத் தூங்கலாம் என்பவர்களுக்கு ஆகாது. ஒரு நாள் அரை மணியில் முடியலாம், ஒன்றரை மணியும் இழுக்கலாம், நடுவில் அணைத்துவிட்டுப் போக முடியாது. பார்த்த அறையையே மறுபடி மறுபடி பார்க்க அலுப்பவர்களுக்கும் ஆகாது. எனக்கே 40 நாளுக்கு மேல் அந்த நடை அலுத்தது. விடை கையில் இருக்கும்போது அறைக்காகக் காத்திருப்பதை எவ்வளவுதான் தத்துவமாகப் பேசினாலும் காத்திருப்பு காத்திருப்புதான். அந்த இடத்தில் ரோஸ் கொஞ்சம் கை இளகியிருக்கலாம்.

46-ஆவது அறையை 34-ஆவது நாள் பார்த்தேன். அப்பா பக்கத்தில் இருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து, "இல்லாத வீட்டுக்கு ரூம் கட்டிட்டே இருங்க ரெண்டு பேரும். இருக்கிற வீட்டுல பாத்ரூம் செவுரு ஓதம் அடிச்சு உதிருது" என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்ததும் அப்பா, "அவ்வளவுதானா? சாவி குடுத்தாச்சு" என்று எழுந்து போய்விட்டார். அவருக்கு வீடு முடிந்தது. எனக்குத்தான் முடியவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த விளையாட்டு தன் முழு ஆழத்தைக் காட்டுகிறது; புரியாதவற்றின் பக்கம் அப்போதுதான் மூன்றாகப் பெருகியிருந்தது.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் தனியாக உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். பின்பக்கம் அப்பா கையெழுத்தில், தட்டைப் பென்சிலில், "6 × 4. 7. 3 மூட்டை. 84" என்று இருந்தது. நான் ஆடும்போது திரையில் எதையோ பார்த்துக் குறித்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். 84-ஐ அம்பு வட்டில் போட்டுப் பார்த்தேன். 6 × 4 என்று கட்டத்தில் எண்ணிப் பார்த்தேன். 5-க்கு மேல் அகலமே இல்லை, அதனால் இது வீட்டுக்கு வெளியே உள்ள ஏதோ என்று முடிவு செய்தேன். மூட்டைதான் இடித்தது. சாமான் அறை வருகிறதா என்று இரண்டு நாளைச் செலவழித்தேன். இரவு 10 மணிக்கு அப்பா தண்ணீர் குடிக்க வந்தபோது நோட்டைக் காட்டி, இது எந்த அறையில் பார்த்தது என்று கேட்டேன்.

கண்ணாடி இல்லாமல் தூர வைத்துப் பார்த்தார். "நம்ம பாத்ரூமு. 84 டைல்ஸ். ஞாயித்துக்கிழமை போய் எடுத்துட்டு வரோணும், வண்டி சொல்லிடு."